ஒலி, குறிகை குறித்த ஆங்கிலச் சொற்களின் பொருள் வேறுபாடு

சவுண்ட், நாய்ஸ், சிக்னல், அலாரம், அலர்ட், வார்னிங், சைரன், ஹாரன், விசில் முதலியன ஒலியையும் குறிகையையும் சுட்டும் ஆங்கிலச் சொற்கள் ஆகும். இவை தமிழ்ப் பேச்சிலும் செய்தித்தாள்களிலும் நாள்தோறும் பயன்படுகின்றன. ஒரே பொருளைத் தருவன போலத் தோன்றினும், இவை ஒவ்வொன்றும் தனிப் பொருள் உடையவை. வெள்ளம், புயல், காட்டு விலங்கு நடமாட்டம் போன்ற இடர்களின்போது இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் உயிர்காக்கும் செயலாகவும் அமையலாம். இக்கட்டுரை தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வழக்கில் உள்ள அறிவிப்பு முறைகளைச் சான்றாகக் கொண்டு இச்சொற்களை விளக்குகிறது.

அடிப்படைச் சொற்கள்

சவுண்ட் என்பது காதால் கேட்கப்படும் எதனையும் குறிக்கும் பொதுச் சொல் ஆகும். தமிழில் ஒலி, ஓசை ஆகியவை இதற்கு இணையானவை.

நாய்ஸ் என்பது கேட்பவர் விரும்பாத ஒலி ஆகும். இதனை இரைச்சல் எனலாம். ஆகவே ஓர் ஒலி நாய்ஸ் ஆவதும் ஆகாததும் கேட்பவரைப் பொறுத்தது. திருவிழாவில் உறுமி முழங்குவது ஆடுபவருக்கு இசை. தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கு இரைச்சல். பொறியியலில் இச்சொல்லின் பொருள் மேலும் விரிகிறது. ஒரு செய்தியைச் சிதைக்கும் தேவையற்ற குறுக்கீடு எதுவும், அது காதில் விழாவிட்டாலும், நாய்ஸ் எனப்படும்.

சைன் என்பது ஒரு பொருளை உணர்த்தும் குறி அல்லது அடையாளம். கருமேகம் மழைக்குச் சைன் ஆகும். மேகம் நமக்குச் சொல்ல வேண்டும் என்று எண்ணித் திரள்வதில்லை.

சிக்னல் என்பது ஒருவர் மற்றொருவருக்குச் செய்தி தெரிவிக்கும் பொருட்டு, முன்னரே ஒப்புக்கொண்ட முறைப்படி அனுப்பும் குறிகை ஆகும். இது ஒலியாகவோ, ஒளியாகவோ, கையசைவாகவோ, மின்காந்த அலையாகவோ இருக்கலாம். எனவே எல்லா ஒலியும் குறிகை அன்று. எல்லாக் குறிகையும் ஒலி அன்று.

அலாரம், அலர்ட், வார்னிங்

இம்மூன்று சொற்களையும் தமிழில் பெரும்பாலும் எச்சரிக்கை என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம். ஆங்கிலத்தில் இவற்றின் பொருள் வருமாறு:

அலர்ட் – விழிப்பு நிலை. இடர் நேரக்கூடும், ஆயத்தமாக இருங்கள் என்பது இதன் பொருள். காவல் மேட்டில் நின்று பார்த்திருத்தல் என்னும் பொருளுடைய இத்தாலியத் தொடரிலிருந்து இச்சொல் தோன்றியது.

வார்னிங் – இடரைப் பற்றிய செய்தி. என்ன நேரும், எங்கு நேரும், என்ன செய்ய வேண்டும் என்னும் விவரங்களை இது கொண்டிருக்கும்.

அலாரம் – இடர் வந்துவிட்டது என்பதை உணர்த்தும் ஒலி அல்லது கருவி. ‘ஆயுதம் எடுங்கள்’ என்னும் இத்தாலியக் கூக்குரலே இச்சொல்லின் மூலம் ஆகும். ஆங்கிலத்தில் இது அச்சம், பதற்றம் என்ற பொருளிலும் வழங்குகிறது. தமிழ்ப் பேச்சில் இச்சொல் பெரும்பாலும் துயில் எழுப்பும் கடிகார ஒலியையே குறிக்கிறது.

சுருங்கக் கூறின், அலர்ட் என்பது மனிதரின் நிலை, வார்னிங் என்பது செய்தி, அலாரம் என்பது ஒலி.

வைகை அணையின் மூன்று கட்ட எச்சரிக்கை

ஆண்டிபட்டிக்கு அருகில் வைகை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட வைகை அணை 1959 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இதன் நீர்த்தேக்க உயரம் 71 அடி. வருசநாட்டு மலையிலிருந்து வரும் வைகை நீரும், கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வரும் முல்லைப் பெரியாற்று நீரும் இவ்வணையைச் சேர்கின்றன.

அணையின் நீர்மட்டம் உயரும்போது கரையோர மக்களுக்கு மூன்று கட்டங்களாக வெள்ள அபாய எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. 66 அடியில் முதல் கட்ட எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாம் கட்ட எச்சரிக்கையும், 69 அடியில் மூன்றாம் கட்ட எச்சரிக்கையும் அளிக்கப்படுவது வழக்கம். அணையில் அபாயச் சங்கும் ஒலிக்கப்படுகிறது. இவ்வறிவிப்பு தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கும் உரியது.

ஆங்கிலச் சொற்களைப் பொருத்திப் பார்த்தால், முதல் கட்டம் அலர்ட் என்பதற்கும், இரண்டாம் கட்டம் வார்னிங் என்பதற்கும், மூன்றாம் கட்டம் அலாரம் என்பதற்கும் நெருங்கியவை. ஆங்கிலம் மூன்று சொற்களால் காட்டும் வேறுபாட்டை இங்கு தமிழ் ஒரே சொல்லுடன் எண்ணைச் சேர்த்துக் காட்டுகிறது. இம்முறையில் ஒரு நன்மை உண்டு. அலர்ட் பெரிதா, வார்னிங் பெரிதா என்ற ஐயம் எழலாம். இரண்டைவிட மூன்று பெரிது என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. எனினும் கட்ட எண்ணை விட்டுவிட்டு ‘வைகைக் கரையில் வெள்ள எச்சரிக்கை’ என்று மட்டும் சொன்னால் இந்நன்மை முற்றிலும் மறைந்துவிடும். துணிமணிகளைக் கட்டி வைக்க வேண்டுமா, உடனே கரையை விட்டு நீங்க வேண்டுமா என்பது கேட்பவருக்கு விளங்காது.

முல்லைப் பெரியாறும் மலையாளச் சொல்லும்

1895 ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் அமைந்துள்ளது. அதனை இயக்கும் பொறுப்பு தமிழ்நாட்டுடையது. அணை நீர் சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கை அடைகிறது. மதகு வழியாக வெளியேறும் உபரிநீர் கேரளப் பகுதியில் பாய்கிறது. ஆகவே நீர்மட்டம் 136 அடியை எட்டும்போது தமிழ்நாட்டு அலுவலர்கள் இடுக்கி மாவட்டத்துக்கு முதல் எச்சரிக்கை அனுப்புவது வழக்கம். உச்ச நீதிமன்றம் 2014 ஆம் ஆண்டு உறுதி செய்தபடி, இவ்வணையில் 142 அடி வரை நீர் தேக்கலாம்.

எச்சரிக்கை என்பதை மலையாளத்தில் ‘முன்னறியிப்பு’ என்பர். இதே வேர்களிலிருந்து அமைந்த தமிழ்ச் சொல் முன்னறிவிப்பு ஆகும். ஆனால் தமிழில் முன்னறிவிப்பு என்பது முன்கூட்டியே தரும் தகவல் மட்டுமே. அதில் அச்சமூட்டும் பொருள் இல்லை. வானிலை முன்னறிவிப்பு நல்ல வெயிலையும் கூறலாம். ஒரே மலையின் இருபுறமும் வழங்கும் ஒரே வகைச் சொல், ஒருபுறம் இடரையும் மறுபுறம் வெறும் தகவலையும் குறிப்பது கருதத்தக்கது.

வானிலை நிறங்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறை மாவட்ட வாரியான அறிவிப்புகளுக்கு நான்கு நிறங்களைப் பயன்படுத்துகிறது.

பச்சை – எச்சரிக்கை இல்லை.
மஞ்சள் – வாட்ச், அதாவது கவனித்து வருக.
ஆரஞ்சு – அலர்ட், அதாவது ஆயத்தமாக இருக்க.
சிவப்பு – வார்னிங், அதாவது நடவடிக்கை எடுக்க.

இவ்வரிசையில் அலர்ட் என்னும் சொல் ஆரஞ்சு நிறத்துக்கும், வார்னிங் என்னும் சொல் சிவப்பு நிறத்துக்கும் உரியவை. ஆனால் செய்தி ஊடகங்களில் ‘எல்லோ அலர்ட்’, ‘ரெட் அலர்ட்’ என்று எல்லா நிறங்களுடனும் அலர்ட் சேர்க்கப்படுகிறது. இதனால் சிவப்பு நிறமும் ஆயத்தமாக இருப்பதற்கான அறிவிப்பே எனத் தவறாகக் கருதப்பட வாய்ப்புண்டு. சிவப்பு என்பது செயற்பட வேண்டிய கட்டம் ஆகும்.

சைரனும் சங்கும்

கிரேக்கத் தொன்மத்தில் தம் இனிய பாடலால் மாலுமிகளை மயக்கி அழித்த பெண்களே சைரன்கள் எனப்பட்டனர். 1819 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு இயற்பியலாளர் கன்யார் டெ லா தூர் நீருக்கு அடியிலும் ஒலிக்கவல்ல தம் கருவிக்கு இப்பெயரை இட்டார். அழிவுக்கு அழைத்த குரலின் பெயர், அழிவிலிருந்து காக்கும் ஒலிக்குப் பெயராயிற்று.

தமிழில் ஆலைகளில் வேலை நேரத்தை அறிவித்த சைரனை மக்கள் ‘சங்கு’ என்றே அழைத்தனர். அணையின் சைரன் அபாயச் சங்கு ஆனதும் இவ்வழியே. வழிபாட்டிலும் இறுதி ஊர்வலத்திலும் ஊதப்படும் சங்கின் பெயர் இவ்வாறு இயந்திர ஒலிக்கும் பொருந்திற்று.

சைரன் என்பது கருவியை மட்டுமே குறிக்கும். செய்தி அதன் ஒலிப்பு முறையில் உள்ளது. இந்தியக் குடிமைப் பாதுகாப்பு முறைப்படி, ஏறி இறங்கும் ஒலி வான்தாக்குதல் அபாயத்தையும், ஏற்ற இறக்கமின்றி நீளும் ஒலி அபாயம் நீங்கியதையும் தெரிவிக்கும். முறையை அறியாதவருக்கு இரண்டும் ஒரே அச்சுறுத்தலாகவே கேட்கும்.

ஹாரன், விசில், கைகாட்டி

விசில் என்பது சீழ்க்கை. காற்றோ நீராவியோ குறுகிய துளை வழியே பாயும்போது எழும் கூர்மையான ஒலி. ஹாரன் என்பது முதலில் விலங்கின் கொம்பாலான ஊதுகருவியைக் குறித்தது. தற்போது ஊர்திகளின் ஒலிப்பானைக் குறிக்கிறது. நீராவிப் பொறிகளில் விசில் இருந்தது. டீசல், மின்சாரப் பொறிகளில் இருப்பது ஹாரன். எனினும் கடவுப்பாதைக்கு முன்னால் தொடர்வண்டி ஓட்டுநருக்காக நடப்பட்டுள்ள பலகையில் விசில் என்பதன் முதல் எழுத்தான ‘டபிள்யூ’ தான் இன்றும் உள்ளது. கருவி மாறிய பின்னரும் சொல் மாறவில்லை.

மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் பாதை, அகலப்பாதைப் பணிக்காக 2010 ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. 2022 மே 26 அன்று தேனி வரையிலும், 2023 சூன் 15 அன்று போடிநாயக்கனூர் வரையிலும் தொடர்வண்டிச் சேவை மீண்டும் தொடங்கியது. பதினோரு ஆண்டுகளுக்கு மேல் தொடர்வண்டி ஒலியே கேளாது வளர்ந்த சிறுவர்களுக்கு அவ்வொலியின் பொருளைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதாயிற்று.

தொடர்வண்டிச் சிக்னலுக்குத் தமிழில் கைகாட்டி என்ற பெயர் உண்டு. கை போல் உயர்ந்து தாழும் பழைய மரச் சட்டத்தைக் கண்டு மக்களே இட்ட பெயர் இது.

ஒலியில்லாக் குறிகை

யானையின் உரத்த குரலை ஆங்கிலத்தில் டிரம்பெட் என்பர், தமிழில் பிளிறல். யானைகள் மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியாலும் தமக்குள் செய்தி பரிமாறுகின்றன. இவ்வகைக் குரல் ரம்பிள் எனப்படும்.

2023 ஏப்ரல் இறுதியில் கேரளத்தின் சின்னக்கானல் பகுதியில் பிடிக்கப்பட்ட அரிசிக்கொம்பன் என்னும் யானைக்குக் கழுத்தில் ரேடியோ காலர் பொருத்தப்பட்டு, அது பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. அது அதே ஆண்டு மே 27 அன்று கம்பம் நகருக்குள் நுழைந்தது. அப்போது காயமுற்ற ஒருவர் பின்னர் உயிரிழந்தார். சூன் 5 அன்று யானை மீண்டும் பிடிக்கப்பட்டு, களக்காடு முண்டந்துறை பகுதியில் விடப்பட்டது.

காலர் அனுப்பியது சிக்னல். அது வனத்துறையினரின் கருவிக்கு மட்டும் விளங்கும். தெருவில் நடந்து செல்பவருக்குத் தேவையானது வார்னிங். முதலாவதை இரண்டாவதாக மாற்றும் பணியை மனிதரே செய்ய வேண்டியுள்ளது. சிக்னல் கிடைத்தது என்பதால் எச்சரிக்கை சென்று சேர்ந்தது என்று பொருளாகாது.

தமிழாக்கத்தில் கருத வேண்டியவை

சூழலுக்கேற்ப அலர்ட் என்பதை விழிப்பு நிலை எனவும், வார்னிங் என்பதை எச்சரிக்கை எனவும், அலாரம் என்பதை அபாய ஒலி எனவும், சிக்னல் என்பதைக் குறிகை எனவும் பெயர்த்தல் தெளிவு தரும். எச்சரிக்கை என்ற சொல்லையே பயன்படுத்த நேரின், கட்டம், நீர்மட்டம், செய்ய வேண்டிய செயல் ஆகியவற்றையும் உடன் குறிப்பிடுதல் நன்று.