கோபெக்லி தெபே: ‘டி’ வளாகத்தின் நடுத்தூண்கள்
சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ பொ.ஆ.மு. 9500. தென்கிழக்குத் துருக்கி, சான்லியுர்பா அருகில்.

வட்டச் சுவரின் நடுவே நிற்கும் இவ்விரு தூண்களும் சுமார் 5.5 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக் கற்கள். இவை மனித உருவங்கள். மேலே குறுக்காக அமைந்த பகுதி தலை. அகன்ற பக்கங்களில் மடித்த கைகள் இறங்குகின்றன. குறுகிய முகப்பைக் கவனியுங்கள். இடைக்கச்சைக்கு மேலே நீண்ட விரல்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. கச்சையிலிருந்து நரித்தோல் தொங்குகிறது. கண், மூக்கு, வாய் எதுவும் செதுக்கப்படவில்லை. ஒரு தூணின் பாறைப் பீடத்தில் பறவைகள் வரிசையாக நிற்கின்றன.

இவற்றைச் செய்தவர்களிடம் உலோகமோ சக்கரமோ மட்பாண்டமோ இல்லை. சிக்கிமுக்கிக் கல் கருவிகளால் இதே மேட்டின் பாறையை வெட்டி எடுத்தார்கள். வேட்டையாடிய மான்களும் காட்டுத் தானியங்களும் அவர்களது முக்கிய உணவு. தானியங்களை அரைத்த கற்கள் இங்கே ஏராளமாகக் கிடைத்துள்ளன.

உழவும் ஊரும் வளர்ந்த பிறகே பெருங்கட்டடங்கள் எழுந்தன என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1995இல் தொல்லியலாளர் கிளாவுஸ் ஷ்மிட் இங்கே தொடங்கிய அகழாய்வு அந்த வரிசையையே மாற்றியது. எகிப்தின் பிரமிடுகளுக்கு ஏறத்தாழ 7000 ஆண்டுகள் முன்பே, வேட்டைச் சமூகத்தினர் பெருந்திரளாகக் கூடி இந்த அரிய பணியைச் செய்து முடித்திருக்கிறார்கள்.

2018 முதல் இது யுனெஸ்கோ உலக மரபுக் களம்.