எஞ்சின் கொதிக்கிறது, கால் ஏன் விறைக்கிறது?

சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாம் கொண்ட ஒரு சிறு வீட்டையே வண்டிக்குள் அமைத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் வழக்கம் அமெரிக்காவிலும் கனடாவிலும் உண்டு. இத்தகைய வண்டியை மோட்டார் இல்லம் என்பார்கள். அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி என்னும் சிற்றூரில் வின்னபேகோ நிறுவனம் 1966-இல் இவற்றைத் தயாரிக்கத் தொடங்கியது. குளிர்காலம் வந்ததும் ஓய்வு பெற்ற பலர் இவற்றில் ஏறி, அரிசோனா, ஃபுளோரிடா போன்ற வெப்பமான மாநிலங்களுக்குப் போய்விடுவார்கள். வலசை போகும் பறவைகளைப் போல இருப்பதால் இவர்களுக்குப் ‘பனிப்பறவைகள்’ என்றே பெயர்.

ஜனவரி மாதத்தில் மின்னசோட்டா மாநிலத்திலிருந்து புறப்படும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வெளியே வெப்பநிலை −20°C. எஞ்சினின் வெப்பநிலையோ 90°C. ஆனால் டாஷ்போர்டின் துவாரங்களிலிருந்து வருவது குளிர்ந்த காற்று! கால் விறைக்கிறது. பயணிகளின் மூச்சுக் காற்றிலுள்ள நீராவி முன்கண்ணாடியில் படிந்து உறைகிறது. ஓட்டுநருக்குச் சாலை தெரியவில்லை. இது வெறும் வசதிக் குறைவு அன்று, ஆபத்து.

குளிர் தாங்காமல் சிலர் வண்டிக்குள் சமையல் அடுப்பைப் பற்றவைப்பதுண்டு. இது அதைவிடப் பெரிய ஆபத்து. மூடிய அறையில் எரியும் அடுப்பிலிருந்து நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு வெளிவந்து உயிரைப் பறிக்கக்கூடும். வண்டியின் வசிப்பறையில் புரோப்பேன் வாயுவால் இயங்கும் தனிக் கணப்பு உண்டு. அதன் புகை குழாய் வழியே வெளியே போய்விடும். ஆனால் முன்கண்ணாடியைத் துலக்க அது உதவாது. டாஷ்போர்டு வெப்பமூட்டியைப் பழுது பார்த்தே ஆக வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

வெப்பம் வரும் வழி

பெட்ரோல் எரிவதால் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே, பல வேளைகளில் அதற்கும் குறைவாகவே, வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. மீதி வெப்பமாக வீணாகிறது. அதில் ஒரு பகுதியைப் புகை எடுத்துச் செல்கிறது. இன்னொரு பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலண்ட் என்னும் திரவம் எடுத்துச் செல்கிறது. வீணாகும் இந்த வெப்பத்தில்தான் வெப்பமூட்டி வேலை செய்கிறது.

பம்பு சூடான கூலண்டை ஒரு ரப்பர் குழாய் வழியாக டாஷ்போர்டின் அருகிலுள்ள சிறு ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. இன்னொரு குழாய் வழியாக அது எஞ்சினுக்குத் திரும்புகிறது. சிறு ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே விசிறி காற்றை ஊதுகிறது. காற்றில் எவ்வளவு பங்கு தகடுகளின் ஊடே செல்லவேண்டும் என்பதை ஒரு கதவு முடிவு செய்கிறது. சூடான காற்று காலுக்கா, முகத்துக்கா, கண்ணாடிக்கா என்பதை வேறு சில கதவுகள் முடிவு செய்கின்றன.

ஆகவே எஞ்சின் சூடாதல், கூலண்டு ஓடுதல், காற்று வீசுதல், கதவு திறத்தல் என்று இந்தச் சங்கிலியில் நான்கு கண்ணிகள் உள்ளன. எந்தக் கண்ணி அறுந்தது என்று தெரியாமல் பாகங்களை மாற்றிக்கொண்டே போனால் பணம்தான் கரையும். வெப்பம் எதுவரை வந்தது, எங்கே நின்றது என்று கேட்பதே சரியான முறை.

இரு குழாய்கள் சொல்லும் செய்தி

சங்கிலியை நடுவில் சோதித்தால் ஒரே சோதனையில் பாதி வேலை முடிந்துவிடும். சிறு ரேடியேட்டருக்குப் போகும் குழாயும் அதிலிருந்து வரும் குழாயுமே அந்த நடுப்பகுதி. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, எஞ்சின் நன்கு சூடானபின், அகச்சிவப்பு வெப்பமானியால் இரண்டையும் அளக்க வேண்டும். சுழலும் விசிறி, பெல்ட் ஆகியவற்றின் பக்கம் கை போகக்கூடாது.

நல்ல நிலையில், போகும் கூலண்டு 80°C, திரும்பும் கூலண்டு 60°C என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 0.1 கிலோகிராம் கூலண்டு ஓடுகிறது. அதன் தன்வெப்பம் கிலோகிராமுக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 3,500 ஜூல். அப்படியானால் காற்றுக்குக் கிடைக்கும் வெப்பம் 0.1 × 3,500 × 20 = 7,000 வாட். ஆயிரம் வாட் மின்கணப்புகள் ஏழுக்கு இது சமம்!

இப்போது துருவும் சேறும் அடைத்து, ஓட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதாகக் கொள்வோம். மெதுவாக ஓடும் கூலண்டு நன்றாகக் குளிர்ந்து 20°C-இல் திரும்புகிறது. வெப்பநிலை 60 டிகிரி குறைந்திருப்பதால் நிறைய வெப்பம் கிடைத்திருக்கும் என்று தோன்றுகிறது அல்லவா? கணக்கிட்டுப் பாருங்கள்: 0.01 × 3,500 × 60 = 2,100 வாட்தான். எனவே ஒரு குழாய் சுட்டு, மற்றது குளிர்ந்திருந்தால் ஓட்டம் போதவில்லை என்று பொருள். பெரும்பாலும் சிறு ரேடியேட்டரே அடைத்திருக்கும். தண்ணீரை எதிர்த் திசையில் மெதுவாகச் செலுத்திக் கழுவினால் பல வேளைகளில் அடைப்பு நீங்கும்.

இரண்டும் குளிர்ந்திருந்தால்

முதலில் எஞ்சினின் வெப்பமானியைப் பாருங்கள். அதுவே சூடு ஏறாமல் இருந்தால் தெர்மோஸ்டாட்டின் மேல் ஐயம் கொள்ளலாம். இதனுள் ஒருவகை மெழுகு உண்டு. சுமார் 80 முதல் 95°C-க்குள் அது உருகி விரிந்து, பெரிய ரேடியேட்டருக்குச் செல்லும் வழியைத் திறக்கும். இது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் சூடேறவே நெடுநேரம் ஆகும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நீருள்ள பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடாக்கினால் அது எந்த வெப்பநிலையில் திறக்கிறது என்று கண்ணாலேயே காணலாம்.

எஞ்சின் சூடாக இருந்தும் குழாய்கள் இரண்டும் குளிர்ந்திருந்தால், கூலண்டின் அளவு குறைந்திருக்கலாம்; வழியிலுள்ள வால்வு மூடியிருக்கலாம்; அல்லது காற்று புகுந்து வழியை மறித்திருக்கலாம். பின்புறத்தில் டீசல் எஞ்சின் கொண்ட மோட்டார் இல்லங்களில் கூலண்டு முன்பக்கம் வந்து சேரப் பத்து மீட்டருக்கும் மேல் பயணம் செய்யவேண்டும். அங்கே காற்று தங்கவும், வழியிலேயே வெப்பம் இழக்கவும் வாய்ப்பு அதிகம்.

அளவைப் பார்க்க ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. உள்ளே, பிரஷர் குக்கரில் உள்ளதுபோல், அழுத்தம் மிகுந்திருக்கும். இரண்டு வளிமண்டல அழுத்தத்தில் நீர் 120°C-இல்தான் கொதிக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் சட்டெனக் குறைந்து, திரவம் நீராவியோடு பீறிட்டு முகத்தைப் பொசுக்கிவிடும்.

குறைந்த அளவை வெறும் நீரால் நிரப்புவதும் தவறு. நீரும் எத்திலீன் கிளைக்காலும் சமமாகக் கலந்த கலவை சுமார் −37°C வரை உறையாது. வெறும் நீர் 0°C-இல் உறைந்து, ஏறத்தாழ 9 சதவீதம் விரிந்து, உலோகத்தையே பிளந்துவிடும். தரைவிரிப்பு ஈரமாகி இனிய மணம் வீசினால் சிறு ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று அறியலாம். எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு. குழந்தைகளும் நாய்களும் அதை நெருங்கக் கூடாது.

இரண்டும் சூடாக இருந்தால்

கூலண்டு தன் கடமையைச் செய்துவிட்டது. பழுது காற்றுப் பக்கம்தான். விசிறி ஓடவே இல்லையெனில் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். உச்ச வேகத்தில் மட்டும் ஓடினால் விசிறியில் குறையில்லை. பல வண்டிகளில் குறைந்த வேகங்களுக்காகத் தொடர் இணைப்பில் மின்தடைகளைச் சேர்த்திருப்பார்கள். உச்ச வேகத்தில் மின்சாரம் அவற்றைத் தவிர்த்து நேராகச் செல்லும். எரிந்து போனது அந்த மின்தடையே.

விசிறி நன்றாக ஓடினால் அடுத்தது கதவு. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில் குறைந்த அழுத்தம் நிலவுகிறது. பல அமெரிக்க வண்டிகளில் காற்றைத் திசை திருப்பும் கதவுகளை இந்தக் குறைந்த அழுத்தமே மெல்லிய குழாய்களின் வழியாக இழுக்கிறது. அக்குழாயில் விரிசல் விட்டால் சுருள்வில் கதவை அதன் பழைய நிலைக்குத் தள்ளும். அந்த நிலையில் காற்று முன்கண்ணாடிக்கே செல்லும்படி அமைத்திருக்கிறார்கள். கால் குளிர்ந்தாலும் பரவாயில்லை, கண் தெரியவேண்டும் என்பதே வடிவமைத்தவர்களின் எண்ணம்!

இவ்வாறு ஒவ்வொரு கேள்வியும் சங்கிலியில் ஒரு பகுதியைக் குற்றமற்றது என்று விடுவிக்கிறது. இறுதியில் எஞ்சுவதே பழுது. மிதிவண்டி விளக்கோ, வீட்டு மோட்டாரோ, எதைப் பழுது பார்த்தாலும் இம்முறையைக் கையாளலாம்.

முடிப்பதற்குமுன் உங்களுக்கு ஒரு புதிர். குழாய்கள் இரண்டும் சூடாக உள்ளன. விசிறி எல்லா வேகங்களிலும் ஓடுகிறது. சமவெளியில் காலுக்கு வரும் சூடான காற்று, ஆக்சிலரேட்டரை அழுத்தி மேட்டில் ஏறும்போது மட்டும் கண்ணாடிப் பக்கம் போய்விடுகிறது. பழுது எங்கே? எஞ்சின் மிகுதியாகக் காற்றை உள்ளே விடும்போது உறிஞ்சு குழாயின் அழுத்தம் என்ன ஆகும் என்று யோசியுங்கள், விடை கிடைத்துவிடும்.