ஃபிளைவீலைக் கடைந்து எடை குறைக்கலாமா?

வண்டியில் பிக்கப் போதவில்லை என்று சொன்னால் சில பட்டறைகளில் வரும் யோசனை, ஃபிளைவீலைக் கழற்றி லேத்தில் கொடுத்து எடை குறைப்பது. செலவு குறைவு, வெளியே பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. எடை குறைப்பதால் கிடைக்கும் பலனும் பொய்யல்ல. ஆனால் கம்பெனி போட்டு அனுப்பிய வார்ப்பிரும்பு ஃபிளைவீலைக் கடைந்து பொதுச்சாலையில் ஓட்டுவதை, இலவசமாகச் செய்து தந்தாலும், மறுக்க வேண்டும் என்பேன்.

முதலில் பலனைப் பார்ப்போம். சிலிண்டருக்குள் ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடையில் கிராங்க் ஷாஃப்ட் தடுமாறாமல் சுழல, ஃபிளைவீல் தன் கனத்தில் ஆற்றலைச் சேர்த்துவைத்துத் தருகிறது. வேகம் எடுக்கும்போது அந்தக் கனத்தையும் இன்ஜினே சுழற்றியாக வேண்டும். கனம் குறைந்தால் அந்தச் செலவு மிச்சம். எவ்வளவு மிச்சம் என்பது கியர் விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மையத்திலிருந்து 12 செ.மீ. தள்ளி 3 கிலோ எடுத்ததாக வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் 14 சுற்றுச் சுற்றும் முதல் கியரில், அது ஒரு சிறிய காரிலிருந்து சுமார் 100 கிலோவை இறக்கிவைத்ததற்குச் சமம். இன்ஜின் 3 சுற்று மட்டுமே சுற்றும் டாப் கியரில் அதே வேலையின் பலன் சுமார் 5 கிலோதான். இன்ஜினின் குதிரைத்திறன் துளியும் கூடுவதில்லை. ஒரே சீரான வேகத்தில் போகும்போது வித்தியாசமே தெரியாது. ரேஸ் டிராக்கில், நொடிக்கு நொடி ஆர்.பி.எம். ஏறி இறங்கும் இடத்தில், இது பெரிய லாபம். நகர நெரிசலிலோ ஐடிலிங் நடுங்கும், மேட்டில் எடுக்கும்போது வண்டி ஆஃப் ஆகும், அதைத் தவிர்க்க அதிகம் ஆக்சிலரேட்டர் மிதிப்பதால் கிளட்ச் சீக்கிரம் தேயும்.

இவையெல்லாம் தொந்தரவுகள் மட்டுமே, ஆபத்து வேறு. 28 செ.மீ. விட்டமுள்ள ஃபிளைவீல் 6000 ஆர்.பி.எம்.மில் சுழலும்போது அதன் விளிம்பு மணிக்கு சுமார் 317 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் உலோகத்தைப் பிய்த்தெறியப் பார்க்கும் இழுவிசை, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 7500 ஆர்.பி.எம்.மில் அது ஒன்றரை மடங்கைத் தாண்டும். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும். இழுவையில் வளையாமல் சட்டென்று உடையும். விளிம்பில் மட்டும் அளவோடு எடுத்தால் உள்பகுதிக்குச் சுமை குறையத்தான் செய்யும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கூடுதல் எடை எடுக்கும் ஆசையில் கிளட்ச் உரசும் முகத்தின் பின்பக்கத்தைக் குடையும்போதும், போல்ட் துளைகளுக்கு அருகில் கூர்மையான மூலை விட்டுக் கடையும்போதும் விரிசலுக்கு வழி திறக்கிறது. மெலிந்த முகம் கிளட்ச் சூட்டில் சீக்கிரம் வெடிப்பு விடும். பாலன்ஸ் பார்க்காமல் பூட்டினால் நிலைமை இன்னும் மோசம்: 12 செ.மீ. தூரத்தில் 10 கிராம் ஏறுமாறாக இருந்தாலே 6000 ஆர்.பி.எம்.மில் சுமார் 48 கிலோ எடைக்குச் சமமான விசை கிராங்க் ஷாஃப்ட்டை உலுக்கும். சுற்றியிருக்கும் பெல் ஹவுசிங்கோ மெல்லிய அலுமினிய வார்ப்பு. உடைந்து பறக்கும் துண்டைத் தடுப்பதற்கென்று செய்யப்பட்டதல்ல. அதை அடுத்து முன்சீட்டில் இருப்பவர்களின் கால்கள்தான்.

ரேஸ் கார்களில் காலங்காலமாகச் செய்கிறார்களே, ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். ரேஸ் இன்ஜினை அடிக்கடி பிரித்துச் சோதிக்கிறார்கள், டிராக் (drag) ரேஸில் சிதறலைத் தடுக்கும் தனிக் கவசம் உண்டு, அமெரிக்காவின் எஸ்.எஃப்.ஐ. அமைப்பு ஃபிளைவீலுக்கும் கிளட்சுக்கும் 1.1 என்ற தர வரையறை வைத்திருக்கிறது. சாலைக் காரின் ஃபிளைவீலை கிளட்ச் மாற்றும்வரை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை, அதற்கு ஆண்டுகள் ஆகலாம். ஆர்.பி.எம். எல்லை தாண்டினால் எரிபொருளை நிறுத்தும் ரெவ் லிமிட்டர் காப்பாற்றும் என்ற வாதமும் அரைகுறையானது. நான்காவதுக்குப் போகவேண்டிய கியர் தவறி இரண்டாவதில் விழுந்தால் சக்கரங்களே இன்ஜினை விரட்டும். எரிபொருளை நிறுத்தி அதைத் தடுக்க முடியாது. எடை குறைந்த ஃபிளைவீல் தேவையென்றே இருப்பவர்கள், அந்த மாடலுக்கென்று செய்த ஃபோர்ஜ்டு எஃகு ஃபிளைவீலைச் சான்றிதழோடு வாங்கலாம். அலுமினியமாக இருந்தால் கிளட்ச் உரசும் இடத்தில் எஃகுத் தகடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டூயல் மாஸ் ஃபிளைவீல் உள்ள டீசல் காரில் அதைக் கடையவே கூடாது. உள்ளிருக்கும் ஸ்பிரிங்குகள்தான் கியர் பாக்ஸை அதிர்விலிருந்து காக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஃபிளைவீல் எடை ஆர்.சி.யில் இல்லையே என்று வாதாடலாம். ஆனால் 2019 திருத்தத்தில் புது வடிவம் பெற்ற 182ஏ பிரிவு, பாகங்களைப் பொருத்துவது உட்பட அனுமதியில்லாத எந்த முறையிலும் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழி வைத்திருக்கிறது. வாரண்டியும் இன்சூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகலாம். கடைந்த பட்டறைக்கோ எதுவும் ஆவதில்லை, நீங்கள் கேள்வி கேட்காதவரை. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

கேட்க உரிமை இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள சேவைக்கு மட்டுமல்ல, ஆபத்தைப் பற்றி உரிய எச்சரிக்கை தராததற்கும் சேவை தந்தவர் பொறுப்பு. பொருளை மாற்றி விற்று, அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணமானால் விற்றவரும் பொறுப்பு. இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கறிஞர் இல்லாமல் புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. தேசிய உதவி எண் 1915. ஆனால் பில் இல்லாத வேலைக்கு ஆணையத்தில் போராடுவது கடினம். எனவே என்ன வேலை செய்தார்கள், முன்னும் பின்னும் எடை என்ன, பாலன்ஸ் ரிப்போர்ட் எங்கே என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். ஏற்கெனவே கடைந்தவர்கள் அடுத்த கிளட்ச் வேலைவரை காத்திருக்காமல், கம்பெனி போட்டு அனுப்பியது போன்ற புது ஃபிளைவீலை மாற்றிவிடுவது நல்லது. கழற்றிய ஃபிளைவீலை டை பெனட்ரன்ட் சோதனைக்குக் கொடுங்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாகத் தெரியும், அந்த அறிக்கையே உங்கள் புகாருக்கு முதல் ஆதாரம்.