தரவே ஆய்வின் அடித்தளம்

பங்குகளில் செய்யும் நீண்டகால முதலீடு எவ்வளவு ஈட்டித் தரும்? இக்கேள்விக்கு நம்பகமான விடை காண, 1960-இல் சிகாகோ பல்கலைக்கழக வணிகப் பள்ளியில் ஜேம்ஸ் லோரியும் லாரன்ஸ் ஃபிஷரும் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கினர். மெரில் லிஞ்ச் நிறுவனம் நிதியளித்தது.

நியூயார்க் பங்குச்சந்தையின் 1926 முதலான பங்கு விலைகளை, பின்னர் மறைந்துபோன நிறுவனங்களையும் விடாமல் திரட்டி, பிழை நீக்கிக் கணினியில் ஏற்றினர். 1960 வரையிலான சராசரி ஆதாயம் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 சதவீதம் என்ற விடை 1964-இல் வெளியானது.

அதைவிடப் பெரிய பயன், அத்தரவுகள் பிற ஆய்வாளர்களுக்கும் கிடைத்தமையே. 2013-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற யூஜின் ஃபாமாவின் ஆய்வுகளுக்கும் அவை உதவின.

கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கொண்டே ஆய்வை அளக்கும் பல்கலைக்கழகங்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். நிதியியல் ஆய்வு தழைக்க, நம்பகமான தரவும் அதைத் திரட்டுவோருக்குத் தொடர்ச்சியான நிதியுமே முதல் தேவை.