உருகியும் உரிய மாற்றும்

மின்னோட்டம் அளவு மீறும்போது தான் உருகி, சுற்றைத் துண்டித்துக் கருவியைக் காப்பது உருகி. 'ஃபியூஸ்' என்பதற்குத் தமிழில் அமைந்த இப்பெயர் ஒரு காரணப்பெயர். பெயரிலேயே செயல் விளங்குகின்றது. வால்வு வானொலி, நாடா ஒலிப்பதிவுக் கருவி, ஒலிபெருக்கி முதலிய பழங்கருவிகளில் உருகி அற்றுவிட்டால், கடையில் கிடைத்ததைப் பொருத்துவதும், செப்புக் கம்பியைச் சுற்றிவிடுவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. இது கருவிக்கு மட்டுமன்று, வீட்டிற்கும் கேடாகும். உரிய மாற்றைத் தேர்வதற்கு நான்கு கூறுகளை நோக்க வேண்டும்.

முதலாவது, வடிவளவு. பழைய அமெரிக்க, ஆங்கிலேயக் கருவிகள் பலவற்றில் 32 மி.மீ. நீளமும் 6.3 மி.மீ. விட்டமும் உடைய கண்ணாடி உருகி இருக்கும். பின்வந்த ஐரோப்பியக் கருவிகளில் 20 மி.மீ. நீளமும் 5 மி.மீ. விட்டமும் உடையது மிகுதி. நீளம் குறைந்ததை வெள்ளீயத் தாள் வைத்து அடைத்தல் கூடாது. தாங்கியையே மாற்றுதல் நன்று.

இரண்டாவது, மின்னோட்ட அளவு. வானொலியின் பின்பலகையில் 50 வாட் என்றிருந்தால், 230 வோல்ட்டில் அது ஏற்கும் ஓட்டம் ஏறத்தாழ 0.22 ஆம்பியரே. அங்கு 5 ஆம்பியர் உருகியை இட்டால், பழுதுற்ற கருவி 1000 வாட்டுக்கு மேல் இழுத்தாலும் அது உருகாது, மின்மாற்றியே எரியும்.

மூன்றாவது, வேகம். உலோகத் தொப்பியில் 'எஃப்' என்றிருந்தால் விரைந்து உருகுவது. 'டி' என்றிருந்தால் தாழ்ந்து உருகுவது. மின்மாற்றி உடைய கருவி, இயக்கிய கணத்தில் மிகுந்த ஓட்டத்தை இழுக்கும். ஆதலின் 'டி' வகை குறித்திருக்கும் இடத்தில் 'எஃப்' வகையை இட்டால் காரணமின்றியே அறும்.

நான்காவது, மின்னழுத்தமும் துண்டிக்கும் திறனும். ஊர்திகளுக்குரிய 32 வோல்ட் உருகி தோற்றத்தில் ஒத்திருப்பினும், வீட்டு மின்சாரத்தில் உருகிய பின்னும் பொறி தொடரக்கூடும்; 250 வோல்ட் குறித்ததே வேண்டும். மணல் நிரப்பிய பீங்கான் உருகி இருந்த இடத்தில் கண்ணாடி உருகியை வைத்தலும் தகாது.

சில பழைய பிலிப்ஸ் வானொலிகளில், மின்மாற்றியின்மேல் குறைந்த வெப்பத்தில் உருகும் பற்றாசினால் பிடிக்கப்பட்ட வில்தகடே உருகியாக விளங்கும். அதைச் சாதாரணப் பற்றாசினால் ஒட்டிவிட்டால் கருவி பாடும். காப்பு மட்டும் நீங்கிவிடும்.

மாற்றுமுன் அற்ற உருகியைக் கண்ணாடியூடே காண்க. கம்பி நடுவில் மட்டும் அற்றிருந்தால் பெரும்பாலும் சிறு மிகையோட்டம். கண்ணாடி கறுத்திருந்தால் கடுங்குறுக்குச் சுற்று. பின்னதாயின், கசியும் பழைய மின்தேக்கியையோ பழுதுற்ற திருத்தி வால்வையோ கண்டறியாமல் புதிய உருகி இடுதல் வீண். இணைப்பை நீக்கிய பின்னும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் எஞ்சியிருக்கும். ஆதலின் உள்வேலையைத் தேர்ந்தவரிடம் ஒப்படைத்தலே நலம்.

சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுப் பொருள் அங்காடிகளில் தேடுவோர், அற்ற உருகியையும் உடன் கொண்டு செல்க. ஆனால், அதன் குறிப்பைக் கருவியில் பொறித்த அளவோடு ஒப்பிட்ட பின்னரே வாங்குக. முன்பு பழுதுபார்த்தவர் தவறானதை இட்டிருக்கவும் கூடும்.

முன்னோர் விட்டுச்சென்ற கருவி நம்மிடம் உள்ள அமானிதம். அதனைக் காக்கத் தன்னை அழித்துக்கொள்ளும் இச்சிறு பொருளை அளவறிந்து தேர்வது, அந்த அமானிதத்தைப் பேணும் கடமையுள் அடங்கும்.