வண்டியை நிறுத்திச் சாப்பிடும் ஊர்கள்... கரிசல்காட்டுக்கு இத்தாலி சொல்லும் பாடம்!

மதுரையில் இருந்து திருநெல்வேலி நோக்கிப் போகும் நான்குவழிச் சாலையில், ஊருக்கு ஒரு தின்பண்டம் காத்திருக்கிறது. விருதுநகரில் எண்ணெய் பரோட்டா, சாத்தூரில் காராச்சேவும் வெள்ளரிப் பிஞ்சும், கோவில்பட்டியில் கடலை மிட்டாய், ரயிலில் போனால் கடம்பூரில் போளி, பயணம் முடியும் இடத்தில் திருநெல்வேலி அல்வா. சாலையை விட்டு மேற்கே திரும்பினால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கிழக்கே போனால் தூத்துக்குடி மக்ரூன். 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இவ்வளவு ருசிகள் வரிசை கட்டி நிற்கும் பகுதிகள் குறைவு.

ஆனால், இதே சாலையில் மதியச் சாப்பாட்டுக்கு நிற்பவருக்குக் கரிசல்காட்டுச் சாப்பாடு கிடைக்கிறதா? கம்பஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலிச் சோற்றுக்குக் கருவாட்டுக் குழம்பு, உளுந்தங்களியோடு கருப்பட்டியும் நல்லெண்ணெயும்... தேடித்தான் பிடிக்க வேண்டும். பெரும்பாலான உணவகங்களில் இருப்பது எங்கோ விளைந்த அரிசியும், எங்கோ அரைத்த மைதாவும்தான். ஊரின் பெயர் பலகாரத்தில் இருக்கிறது. ஊரின் நிலம் இலையில் இல்லை.

இந்தச் சிக்கலை நமக்கு முன்பே சந்தித்து, ஓரளவு வழியும் கண்டுபிடித்த நாடு இத்தாலி.

ஊருக்கு ஒரு சமையல்

இத்தாலிக்குப் போகிறவர்கள், ‘இத்தாலிச் சாப்பாடு’ என்று பொதுவாக ஒன்றைத் தேடுவதில்லை. போகும் வட்டாரத்தின் சாப்பாட்டைத் தேடுகிறார்கள். வடக்கே பார்மா பக்கம் பாலாடைக்கட்டி, நடுவே டஸ்கனியில் கியாந்தி என்னும் திராட்சை மது, தெற்கே நேப்பிள்ஸில் பீட்சா என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் அடையாளம். சின்னக் கிராமத்து உணவகத்தில்கூட அந்த ஊர்ச் சமையலும், அக்கம்பக்கத்துத் தோட்டத்துத் திராட்சையில் செய்த மதுவும்தான் முதலில் மேசைக்கு வரும்.

இது தானாக நிலைத்துவிடவில்லை. 1986-ம் ஆண்டு, ரோம் நகரின் புகழ்பெற்ற ஸ்பானியப் படிக்கட்டு அருகே அமெரிக்கத் துரித உணவகம் ஒன்று திறக்கப்பட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. பியட்மாண்ட் பகுதியில் உள்ள பிரா என்ற சிறு நகரத்துக்காரரான கார்லோ பெட்ரினியும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய ‘ஸ்லோ ஃபுட்’ இயக்கம் அந்தக் காலத்தில் உருவானதுதான். 1990-ல் இருந்து, உள்ளூர்ச் சமையலை விடாமல் செய்யும் எளிய உணவகங்களை வட்டார வாரியாகத் தொகுத்து ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை வெளியிட்டு வருகிறார்கள். பயணிகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சாப்பிடப் போகிறார்கள்.

அதற்கும் ஓராண்டு முன்பு, 1985-ல், இத்தாலி அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது. விவசாயி தன் பண்ணை வீட்டிலேயே பயணிகளைத் தங்கவைத்துச் சாப்பாடு போடலாம். ஆனால், விவசாயம்தான் முதன்மைத் தொழிலாகத் தொடர வேண்டும் என்பது அதன் அடிப்படை. தன் தோட்டத்து விளைச்சலுக்கும் சுற்றுவட்டார விளைச்சலுக்கும் சமையலில் முதலிடம். மலைச்சரிவில் சிறு நிலம் வைத்துக்கொண்டு தடுமாறிய பல குடும்பங்களுக்கு இது கூடுதல் வருமானமானது.

பெயர் யாருக்கு, பலன் யாருக்கு?

இத்தாலிய உணவுகளில் பலவற்றுக்கு இடப்பெயர்ப் பாதுகாப்பு உண்டு. கியாந்தி மதுவுக்கு எல்லை வகுத்து 1716-லேயே டஸ்கனியின் அரசர் ஆணை போட்டார். இன்றும் ‘கியாந்தி கிளாசிகோ’ என்ற பெயரைப் போட வேண்டுமானால், திராட்சை அதற்கென வகுக்கப்பட்ட எல்லைக்குள் விளைந்திருக்க வேண்டும். பார்மா வட்டாரத்துப் பாலாடைக்கட்டிக்கு இன்னும் கடுமை. பால் மட்டுமல்ல, மாடு தின்னும் புல்லிலும் பெரும்பகுதி அதே வட்டாரத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும். குறைந்தது 12 மாதம் பக்குவப்படுத்திய பிறகுதான் விற்பனை. ஆக, அந்தப் பெயர் விற்கும்போது புல் வளர்ப்பவருக்கும் வேலை இருக்கிறது.

நம்மிடமும் புவிசார் குறியீடு இருக்கிறது. 1999-ல் இயற்றப்பட்ட சட்டம், 2003-ல் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுமைக்குமான பதிவு அலுவலகம் சென்னையில் உள்ளது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-லும், கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-லும் இந்தக் குறியீட்டைப் பெற்றன. உடன்குடி கருப்பட்டி, ராமநாதபுரம் முண்டு மிளகாய் ஆகியவையும் பட்டியலில் உண்டு.

கடலை மிட்டாயின் செய்முறை எளிமையானது. வறுத்துத் தோல் நீக்கி உடைத்த கடலையை, பதம் பார்த்துக் காய்ச்சிய வெல்லப்பாகில் கொட்டிக் கிளறி, தட்டில் பரப்பி, உருளையால் சமன் செய்து, சூடு ஆறுவதற்குள் வில்லை போட வேண்டும். பாகு கொஞ்சம் முந்தினால் பல்லில் ஒட்டும். பிந்தினால் கல்லாகிவிடும். கரிசலிலும் செம்மண்ணிலும் விளையும் கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் ஆகிய மூன்றும்தான் ருசிக்குக் காரணம் என்பார்கள் ஊர்க்காரர்கள்.

ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறியீடு, மிட்டாயின் பெயரை மற்றவர்கள் திருடாமல் காக்கிறது. அதனாலேயே கடலை போட்ட விவசாயிக்குக் கூடுதல் விலை வந்துவிடாது. இத்தாலியில் விதி நிலத்தில் தொடங்குகிறது. நம்மிடம் பெரும்பாலும் பட்டறையில் தொடங்குகிறது.

தட்டில் இல்லாததால் காட்டிலும் இல்லை

கோவில்பட்டி வட்டாரம், ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழையை நம்பி இருக்கும் மானாவாரி பூமி. வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்துப் புரட்டாசியில் விதைப்பது வழக்கம். இங்கே 1901-ல் தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம், இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. கே 12 சோளம் அங்கிருந்து வந்த ரகம்தான்.

கம்பும் சோளமும் நின்ற காடுகளில் இப்போது மக்காச்சோளம் நிற்கிறது. அது கோழித்தீவனத்துக்குப் போகிறது. விற்பனை எளிது என்பதால் விவசாயிகள் மாறினார்கள். அதில் தவறில்லை. ஆனால், படைப்புழுவும் காட்டுப்பன்றியும் சேர்ந்து தாக்கும் ஆண்டில், வீட்டுக்குச் சோறாகவும் மிஞ்சாத பயிர் அது. கம்பு, குதிரைவாலி விதைத்த வீட்டில் விலை இல்லாவிட்டாலும் குதிரில் தானியம் இருக்கும். மாட்டுக்குத் தட்டை இருக்கும்.

உணவகக்காரரைக் கேட்டால், ‘தானியம் சீராகக் கிடைப்பதில்லை’ என்பார். விவசாயியைக் கேட்டால், ‘வாங்க ஆள் இல்லை’ என்பார். இரண்டும் உண்மைதான். இடையில் விடுபட்டிருப்பது, உமி நீக்கிச் சுத்தம் செய்து, மாதாமாதம் ஒரே தரத்தில் கொடுக்கும் ஏற்பாடு.

என்ன செய்யலாம்?

பெரிய முதலீடு தேவையில்லை. ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு, சாலையோர உணவகங்கள் இரண்டு, மூன்றோடு பேசி, வாரம் ஒருநாள் குதிரைவாலிச் சோறு, கம்பங்கூழ் போட ஒப்புக்கொள்ள வைக்கலாம். தேவையான அளவை முன்கூட்டியே கேட்டு, அதற்கு மட்டும் விதைக்கலாம். மொத்தக் காட்டையும் மாற்ற வேண்டாம். 4 ஏக்கர் வைத்திருப்பவர் ஒரு ஏக்கரில் தொடங்கினால் போதும். மூன்று மாதத்தில் பலன் தெரிந்துவிடும்.

பண்ணையிலேயே சாப்பாடு போட நினைப்பவர்கள், அறுவடைக் காலத்தில் சனி, ஞாயிறு மட்டும் செய்து பார்க்கலாம். சிறு அளவில் உணவு விற்பவர்களும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வது கட்டாயம். குறியீடு பெற்ற பொருளைத் தயாரிப்பவர்கள், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பெயரைப் பதிவு செய்துகொண்டால் அந்த முத்திரையைப் பயன்படுத்தலாம். அதோடு, கடலை எந்த ஊரில் வாங்கியது என்று பொட்டலத்தில் ஒரு வரி அச்சிட்டால், விவசாயியின் ஊருக்கும் பெயர் கிடைக்கும்.

கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி.ராஜநாராயணன், கரிசல் மக்களின் பேச்சு வழக்குக்கு ஓர் அகராதியே தொகுத்தார். சொல்லைக் காப்பாற்ற ஒருவர் முயன்றால் முடிந்தது. சோற்றைக் காப்பாற்ற ஒருவர் போதாது. விதைப்பவர், உமி நீக்குபவர், சமைப்பவர், வண்டியை நிறுத்திச் சாப்பிடுபவர் என நான்கு பேர் வேண்டும்.

அடுத்தமுறை அந்தச் சாலையில் போகும்போது, இலை போடுபவரிடம் ‘குதிரைவாலிச் சோறு இருக்கா அண்ணாச்சி?’ என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றாலும் பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆளுக்கு இருக்கும்.

வழியில் எங்கே, என்ன?

விருதுநகர்: எண்ணெய் பரோட்டா. மாலையில் சூடாகச் சாப்பிட வேண்டும்.

சாத்தூர்: காராச்சேவு, வெள்ளரிப் பிஞ்சு.

ஸ்ரீவில்லிபுத்தூர்: பால்கோவா. அன்றைக்குக் கிண்டியதா என்று கேட்டு வாங்குங்கள்.

கோவில்பட்டி: கடலை மிட்டாய். ஊருக்கு எடுத்துப் போக ஏற்றது.

கடம்பூர்: போளி.

தூத்துக்குடி: முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சர்க்கரை சேர்த்த மக்ரூன்.

உடன்குடி: கருப்பட்டி. கோடையில் போனால் பதநீரும் கிடைக்கும்.

திருநெல்வேலி: கோதுமைப்பாலில் கிண்டிய அல்வா.