கம்ப்யூட்டர் விற்ற முதல் கடைக்காரர்கள்

இன்று நம்மில் பலர் கம்ப்யூட்டரில்தான் பில் போடுகிறோம். அந்தக் கம்ப்யூட்டரை முதன்முதலில் கடை திறந்து விற்றவர்களும் நம்மைப் போல் வாடகை கொடுத்து, கடனுக்கும் ரொக்கத்துக்கும் நடுவே வியாபாரம் நடத்தியவர்களே.

1975 ஜனவரியில் அமெரிக்காவின் ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ பத்திரிகை, மிட்ஸ் கம்பெனியின் ‘ஆல்டேர் 8800’ என்னும் சிறு கம்ப்யூட்டரை அட்டையில் வெளியிட்டது. தபாலில் பணம் அனுப்பினால் உதிரி பாகங்களாக வரும்; வாங்கியவரே பற்றவைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாண்டு ஜூலையில் டிக் ஹைசர் என்பவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இதற்கென்றே ஒரு கடை திறந்தார். இதையே முதல் கம்ப்யூட்டர் சில்லறைக் கடை என்கிறார்கள். டிசம்பரில் பால் டெரல், கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் ‘பைட் ஷாப்’ தொடங்கினார்.

தன் சரக்கை விற்பவர் வேறு கம்பெனிச் சரக்கை வைக்கக் கூடாது என்று மிட்ஸ் நிபந்தனை போட்டது. ஏஜென்சி எடுத்த நம்மவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. டெரல் இணங்கவில்லை, போட்டிச் சரக்கான இம்சாயையும் அடுக்கினார். ஏஜென்சி போயிற்று, கடை நின்றது. மிட்ஸ்தான் 1977இல் இன்னொரு கம்பெனியின் கைக்குப் போனது.

1976இல் ஸ்டீவ் ஜாப்ஸ் என்ற இளைஞர் டெரலிடம் வந்தார். நண்பர் வாஸ்னியாக் வடிவமைத்த கம்ப்யூட்டரின் வெறும் போர்டை விற்பதே அவர் எண்ணம். பற்றவைக்கத் தெரியாத வாடிக்கையாளர்களை தினமும் பார்த்தவர் டெரல். பாகங்களைப் பொருத்திக் கொடுத்தால் 50 எடுத்துக்கொள்கிறேன், ஒன்றுக்கு 500 டாலர், சரக்கு வந்ததும் ரொக்கம் என்றார். மொத்தம் 25,000 டாலர்!

இளைஞர்களிடம் முதல் இல்லை. பாகங்கள் விற்கும் மொத்த வியாபாரி, டெரலிடம் விசாரித்து ஆர்டர் உண்மைதான் என்று தெரிந்த பிறகு 30 நாள் கடன் கொடுத்தார். கடைக்காரரின் ஒரு வாய்ச்சொல்தான் ஜாமீன். ஆப்பிள் கம்பெனியின் முதல் சரக்கு இப்படித்தான் தயாரானது. வந்த சரக்கில் பெட்டியும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. டெரல் எதிர்பார்த்தது இதுவல்ல, திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் பேசியபடி பணம் கொடுத்தார். சில்லறை விலை 666 டாலர் 66 சென்ட். ஒன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு லாபம் வைத்த விலை.

கம்ப்யூட்டர்லேண்ட், தன் பெயரில் பிறர் கடை நடத்த உரிமை கொடுக்கத் தொடங்கியது. 1977 ஆகஸ்டில் ரேடியோ ஷாக், தன் 3,000க்கும் மேற்பட்ட கடைகள் வழியே 599.95 டாலருக்குத் திரையோடு கம்ப்யூட்டரை இறக்கியது. தனிக் கடைகளுக்கு நெருக்கடிதான். டெரலும் அந்த ஆண்டிலேயே பைட் ஷாப்பை விற்றுவிட்டார்.